ஐந்தாவது குரல்

குருக்கள்மடத்தில், கல்முனை வீதியோரமாக, அண்ணன் ஒரு கொமினிக்கேசன் கடை வைத்திருந்தான். கண்ணாடி போட்ட இரண்டு சின்ன அறைகள், ஒவ்வொன்றிலும் ஒரு தொலைபேசி. வெளியே ஒரு மேசை, ஒரு போட்டோக்கொப்பி மெசின், காத்திருப்பவர்களுக்கு ஒரு வாங்கு. அவன் கட்டாருக்கு வேலைக்குப் போனதும் கடையை நான் பார்த்துக்கொண்டேன். எனக்கு அப்போது இருபத்துநான்கு வயது.

கடைக்கு வருபவர்களில் பாதிப்பேர் வாவிக்கு அந்தப் பக்கம், படுவான்கரையைச் சேர்ந்தவர்கள். அவர்களுடைய ஊர்களில் தொலைபேசி இல்லை. வெளிநாட்டில் இருக்கும் புருசனோ மகளோ இன்ன நாள் இன்ன நேரம் எங்கள் கடைக்கு எடுப்பதாகக் கடிதத்தில் எழுதுவார்கள். இவர்கள் அம்பிளாந்துறையில் பாதை ஏறி அந்த நேரத்துக்கு வந்து சேர வேண்டும். ஆட்களையும் சைக்கிள்களையும் ஏற்றிக்கொண்டு வாவியைக் கடக்கும் தட்டைப் படகைத்தான் நாங்கள் பாதை என்போம். அது எப்போது ஓடும், எப்போது நிற்கும் என்பது ஓட்டுபவருக்கே தெரியாது. எங்காவது வெடிச்சத்தம் கேட்டால் அன்றைக்குப் பாதை இல்லை. ஓட்டமும் நடையுமாக வந்து, "எடுத்தாரா?" என்று கேட்பார்கள். "இப்பதான் வச்சாரு அக்கா" என்று சொல்லிவிட்டு, அவர்கள் முகத்தைப் பார்க்காமல் கொப்பியில் எதையாவது எழுதத் தொடங்கிவிடுவேன்.

அண்ணன் முதல் லீவில் வந்தபோது ஒரு கறுப்புப் பெட்டி கொண்டு வந்தான். ஏதோ ஒரு அலுவலகத்தில் கழித்துப் போட்டதை வாங்கித் தானே திருத்தியிருந்தான். தொலைபேசியோடு அதைப் பொருத்தினால், நான்கு தரம் மணி அடித்ததும் அது தானாகவே எடுத்து, பதிந்து வைத்த என் குரலைப் பேசும். பிறகு 'பீப்' என்று ஒரு சத்தம். அழைத்தவர் சொல்வதைத் தீப்பெட்டியிலும் சிறிய ஒரு கசற்றில் பதிந்து வைத்துக்கொள்ளும். எத்தனை செய்தி வந்திருக்கிறது என்று ஒரு சிவப்பு எண் மின்னி மின்னிக் காட்டும்.

"இனி ஆக்கள் நேரத்துக்கு வரத் தேவல்ல. குரல் வந்து இரிக்கும். அவங்க ஆறுதலா வந்து கேக்கட்டும்" என்றான் அண்ணன். இதைவிடப் பெரிய கண்டுபிடிப்பு உலகத்தில் இல்லை என்பதுபோல அந்தப் பெட்டியைத் தடவிக்கொண்டிருந்தான்.

என் குரலை மூன்று முறை பதிந்தோம். முதல் முறை நான் கோபமாகப் பேசுவதுபோல் இருந்ததாம். இரண்டாம் முறை பதிந்ததைக் கேட்டவர்கள் பயந்துபோய், பாதி வார்த்தையில் வைத்துவிட்டார்கள். மூன்றாம் முறை அண்ணன் கடைசியில் ஒரு வசனம் சேர்த்துச் சொல்லச் சொன்னான். "வணக்கம். நான் இப்ப கடையில இல்ல. பீப் சத்தம் கேட்டப்புறம், ஆருக்கு, ஆரு கதைக்கிறீங்க எண்டு சொல்லிட்டு, சொல்ல வேண்டியதச் சொல்லுங்க. அவசரப்பட வேணாம்." அதுவே நிலைத்துவிட்டது.

அவசரப்படாமல் பேசியவர்கள் குறைவு. பலர் என் குரலோடு கதைத்தார்கள். "ஓம் தங்கச்சி, சுகமா இரிக்கிறீங்களா?" என்று கேட்டுவிட்டு நான் பதில் சொல்லும் வரை காத்திருப்பார்கள். சவூதியில் இருந்து ஒருவர், "என்ன புள்ள, கேட்டதுக்கு மறுமொழி இல்ல?" என்று என்னைத் திட்டியே கசற்றில் பாதியை முடித்தார். இன்னும் சிலர் எதுவும் பேசாமல் மூச்சு மட்டும் விட்டுவிட்டு வைத்துவிடுவார்கள். பெட்டியில் இன்னொரு குறையும் இருந்தது. மின்சாரம் போய் வந்தால் கசற்றில் பதிந்தது அப்படியே இருக்கும், ஆனால் சிவப்பு எண் பூச்சியமாகிவிடும். எத்தனை செய்தி என்று தெரியாமல் முழுக் கசற்றையும் ஓடவிட்டுக் கேட்க வேண்டும்.

எந்தச் செய்தி யாருக்கு என்று எழுதுவதற்காக எல்லாவற்றையும் நான்தான் முதலில் கேட்பேன். அதனால் ஊரில் யார் வீட்டில் என்ன சண்டை, யாருக்கு என்ன வருத்தம் என்பதெல்லாம் எனக்குத் தெரிந்திருந்தது. யாருக்கும் வெளியே சொன்னதில்லை. இந்தக் கரையில் உள்ளவர்களுக்குச் செய்தி வந்தால் சைக்கிளில் போய்ச் சொல்லிவிட்டு வருவேன். கல்முனை வீதியில் என்னைக் கண்டால், "எங்களுக்கு ஒண்டும் வரல்லியா?" என்று வேலிக்குள் இருந்து கேட்பார்கள்.

அந்தக் காலத்தில்தான் படுவான்கரையில் இருந்து ஒரு தாய் புதன்கிழமை தோறும் வரத் தொடங்கினா. வயல் வேலைக்குப் போகிறவ. மூன்று பிள்ளைகள். கடை தொடங்கிய நாளிலேயே எங்கள் இலக்கத்தை மூன்று பேருக்கும் பாடமாக்கிக் கொடுத்திருந்தா. இரண்டாவது மகள், பதினேழு வயது, ரியூசன் முடிந்து வரும் வழியில் சண்டைக்கென்று கொண்டுபோகப்பட்டாள். யார் கொண்டு போனார்கள் என்று அந்த நாட்களில் சத்தமாகச் சொல்ல மாட்டோம். "கொண்டு போயிட்டாங்க" என்று மட்டும் சொல்வோம். கேட்பவர்களும் மேலே கேட்க மாட்டார்கள்.

அந்த அக்கா வந்து வாங்கில் உட்கார்ந்து, சீலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துவிட்டுக் கேட்பா.

"ஒண்டும் வரல்லியா புள்ள?"

"இல்லக்கா."

"மெசினில கிசினில..."

"எல்லாம் கேட்டுட்டன் அக்கா."

ஒரு மணி நேரம் பெட்டியைப் பார்த்தபடி இருந்துவிட்டுப் போவா. ஐந்து மாதம் இப்படி நடந்தது.

பிறகு ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் அந்தக் கரைப்பக்கம் ஷெல் விழத் தொடங்கியது. எங்கள் பக்கத்தில் கடைகளெல்லாம் பூட்டினார்கள். நானும் பூட்டிவிட்டு வீட்டுக்கு ஓடினேன். பாதை நின்றது. வாவியில் தோணி இறக்கக் கூடாது என்று ஆமிக்காரர் ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். சனிக்கிழமை முழுக்க யாரும் வெளியே வரவில்லை. ஞாயிறு காலை சத்தம் அடங்கி, ஒன்றிரண்டு சைக்கிள்கள் வீதியில் தென்பட்ட பிறகு போய்க் கடையைத் திறந்தேன்.

சிவப்பு எண் ஏழு என்று மின்னிக்கொண்டிருந்தது.

கதவைப் பாதி சாத்திவிட்டுக் கேட்கத் தொடங்கினேன். முதல் இரண்டும் வெறும் மூச்சு. மூன்றாவது செட்டிபாளையத்தில் ஒரு பெண்ணுக்கு. சவூதியில் இருந்து புருசன், இன்றைக்கு லீவு நாள், சத்தமெல்லாம் கேள்விப்பட்டேன், பிள்ளைகளோடு தங்கை வீட்டுக்குப் போய் இரு என்று சொல்லியிருந்தார். நான்காவது மாங்காட்டில் ஒரு தாய்க்கு மகனிடமிருந்து. ஐந்தாவது, சிறிது நேரம் ஒன்றுமே இல்லை. இதுவும் மூச்சுத்தான் என்று அடுத்ததற்குத் தாண்டக் கை வைத்தேன். அப்போது ஒரு பெட்டைப் பிள்ளையின் குரல், வாயைப் பொத்திக்கொண்டு பேசுவதுபோல வந்தது.

முதலில் தாயின் பெயரைச் சொன்னாள், புதன்கிழமை வரும் அந்த அக்காவின் பெயர். பிறகு, "அக்கா, அம்மாட்டச் சொல்லுங்க, நான் வந்திட்டன் எண்டு. தேற்றாத்தீவில இரிக்கன். எங்கட ஊருக்கு வந்து தையல் படிப்பிச்ச ரீச்சர்ர வீட்டில. நாளைக்குப் பின்னேரம் வரைக்கும்தான் இஞ்ச இரிக்க ஏலும். மறுகா கொழும்புக்குக் கூட்டிப் போறாங்க. அம்மாவ வரச் சொல்லுங்க அக்கா. வேற ஒருத்தருக்கும்..." என்றாள். அதோடு வெட்டுப்பட்டுவிட்டது.

ஆறாவதும் ஏழாவதும் ஓடி முடிந்தன. எங்கள் ஊரில் ஒரு அக்காவுக்கு வந்த செய்தி ஒன்று, மூச்சு ஒன்று. என் மனம் அந்த ஒரு சொல்லிலேயே நின்றது. நாளைக்கு. எந்த நாளிலிருந்து நாளைக்கு? அந்தப் பெட்டி குரலைப் பதியுமே தவிர, நாளையும் நேரத்தையும் பதியாது. சவூதியில் லீவு நாள் வெள்ளிக்கிழமை, அந்தப் புருசன் பேசியது அன்றைக்குத்தான். அதற்குப் பின்னால்தான் இவள் பேசியிருக்கிறாள். வெள்ளி பின்னேரம் பேசியிருந்தால் நேற்றே போயிருப்பாள். சனிக்கிழமை என்றால் நாளைக்கு என்பது இன்றைக்கு.

விரல் விட்டு எண்ணிக்கொண்டு நிற்கும்போது வீதியில் ஒரு மோட்டார்சைக்கிள் வேகம் குறைந்தது. கதவிடுக்கால் பார்த்தேன். இரண்டு பேர். இறங்கும் அவசரம் இல்லாமல், எதிரில் இருந்த பூட்டிய கடைகளையும் எங்கள் பெயர்ப்பலகையையும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் ஊர் ஆட்கள் இல்லை. அவர்கள் எதற்கு வருகிறார்கள் என்பது எனக்கு எப்படியோ தெரிந்தது.

நான் யோசித்துச் செய்தேன் என்று சொல்ல முடியாது. பெட்டியைத் திறந்து கசற்றை எடுத்தேன். மேசை லாச்சியில் இருந்த புதுக் கசற்றைப் போட்டேன். எண் இன்னும் ஏழு என்று மின்னியது. பிளக்கைப் பிடுங்கித் திரும்பச் செருகினேன். பூச்சியம். எடுத்த கசற்றை எங்கே வைப்பது? சுவரில் இருந்த சாமிப்படத்துக்குக் கீழே ஒரு தகர டப்பாவில் திருநீறு இருந்தது. அதற்குள் அழுத்தி, மேலே விரலால் தடவி மட்டமாக்கினேன். கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டிருக்கும்போது கதவு திறந்தது.

"கடை திறந்திரிக்கா தங்கச்சி?" முப்பது வயது மதிக்கத்தக்கவன் கேட்டான். மற்றவன் இளையவன், மீசை இன்னும் சரியாக முளைக்காத முகம்.

"இப்பதான் திறந்தன். என்ன, போன் கதைக்கவா?"

அவன் சட்டைப்பையில் இருந்து ஒரு கிழிந்த கொப்பித் தாளை எடுத்து மேசையில் வைத்தான். அதில் எங்கள் இலக்கம் உருண்டை உருண்டையாக எழுதப்பட்டிருந்தது. "இது உங்கட கடை நம்பர்தானே?"

"ஓம்."

"படுவான்கரைப் புள்ள ஒண்டு. எங்கயோ போயிட்டு. இஞ்ச எடுத்திரிக்குமெண்டு நினைக்கிறம்."

"ரெண்டு நாளாக் கடை பூட்டியெல்லோ கிடந்த. ஆரு எடுத்தாலும் எனக்குத் தெரியா."

"ஆள் இல்லாட்டி மெசின் எடுக்குமாமே" என்றான். அவன் குரல் கடைசி வரை உயரவே இல்லை. என்னை நடுங்க வைத்தது அந்த மரியாதைதான்.

பெட்டியைக் காட்டினேன். தானே பொத்தானை அழுத்தினான். இரைச்சல் வந்தது. சிறிது நேரம் கேட்டான். பிறகு குனிந்து எண்ணைப் பார்த்தான்.

"ரெண்டு நாளா ஒருத்தருமே எடுக்கல்லியா?"

"கரண்ட் இருந்ததோ தெரியல்ல."

அவன் இளையவனுக்குக் கண்ணைக் காட்டினான். இளையவன் லாச்சியைத் திறந்து, கொப்பிகளைப் புரட்டி, பழைய பில்களை நிலத்தில் கொட்டினான். அந்த நேரம் தொலைபேசி அடித்தது.

என் கை தானாகப் போனது. மூத்தவன் ரிசீவருக்கு மேல் தன் கையை வைத்தான்.

"நீங்க எடுக்க வேணாம். மெசின் எடுக்கட்டும்."

இரண்டாவது மணி. மூன்றாவது. அந்தப் பிள்ளையாக இருக்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டேன். நான்காவது மணிக்குப் பெட்டி டொக்கென்று எடுத்தது. என் குரல் பேசத் தொடங்கியது. வணக்கம். நான் இப்ப கடையில இல்ல. மூன்று பேரும் அந்தப் பெட்டியையே பார்த்துக்கொண்டு நின்றோம். அவசரப்பட வேணாம் என்று அது முடித்தது. பீப்.

மூச்சு. ஒரு தரம், இன்னொரு தரம். தூரத்தில் ஏதோ கோழி கொக்கரிப்பதுபோல் ஒரு சத்தம். கோழி என்றால் வெளிநாடு இல்லை, கிட்டத்தில்தான். மூத்தவன் காதைத் தாழ்த்தினான். இன்னும் ஒரு மூச்சு. பிறகு டக்.

"ஆரது?"

"எப்பிடித் தெரியும் அண்ணன்? ஆக்களுக்கு மெசினோட கதைக்கப் பயம். பாதிப்பேர் இப்பிடித்தான் வச்சிருவாங்க." நான் சொன்னது உண்மை என்பதால் குரல் நடுங்காமல் வந்தது.

மூத்தவன் கொப்பித் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்தான். பிறகு வயரைக் கழற்றி, பெட்டியைத் தூக்கி இளையவன் கையில் கொடுத்தான். "பாத்திட்டுத் தருவம். அந்தப் புள்ள எடுத்தா எங்க நிக்கிறா எண்டு கேட்டு வைங்க. நாங்க மறுகா வருவம்."

வாசல் வரை போன இளையவன் சாமிப்படத்தைக் கண்டு நின்றான். பெட்டியை ஒரு கைக்கு மாற்றிக்கொண்டு, மற்றக் கை விரலைத் திருநீற்று டப்பாவுக்குள் விட்டான். நான் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். நுனி விரலால் கிள்ளி எடுத்து நெற்றியில் இழுத்துவிட்டு, கண்ணை மூடித் திறந்து, வெளியே போனான். மோட்டார்சைக்கிள் சத்தம் மட்டக்களப்புப் பக்கமாகத் தேய்ந்து போனது. நான் வாங்கில் உட்கார்ந்துவிட்டேன்.

அழுவதற்கு நேரம் இருக்கவில்லை. கடையைப் பூட்டிக்கொண்டு முதலில் வாவிக் கரைக்குப் போனேன். அங்கே எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் மாமா, இறால் பிடிப்பவர், கவிழ்த்து வைத்த தோணியில் சாய்ந்துகொண்டு பீடி புகைத்தார். நடந்ததை முழுக்கச் சொல்லவில்லை. அந்தத் தாயை எப்படியாவது இந்தக் கரைக்குக் கொண்டு வர வேண்டும், மகளின் விசயம் என்று மட்டும் சொன்னேன்.

"தோணி இறக்கக் கூடாதெண்டு கத்திட்டுப் போறாங்க. உனக்குக் கேக்கல்லியா?"

"கேட்டது மாமா."

அவர் பீடியை மணலில் குத்தினார். "வலை அங்கால கிடக்கு. ரெண்டு நாள். எடுக்கப் போறன் எண்டு சொல்லிப் பாக்கிறன். உட்டாங்கண்டா போறன். போனா இண்டைக்குத் திரும்ப ஏலாது. நாளைக்கு விடியத்தான்."

"நாளைக்கு விடிய" என்று நானும் சொன்னேன். அந்தச் சொல் வாயில் கசந்தது. சிறிது நேரத்தில் அவருடைய தோணி அக்கரைப் பக்கமாகப் போனது. தாய் வருவதற்குள் மகள் போய்விடுவாள். யாராவது இதே கரையில் இருக்கும் தேற்றாத்தீவுக்குப் போய் ஒரு நாள் பொறுக்கச் சொல்ல வேண்டும். அந்த இடம் தெரிந்தவள் நான் ஒருத்திதான்.

நேரே போகப் பயமாக இருந்தது. பின்னால் யாராவது வந்தால் நானே கொண்டுபோய்க் காட்டிக்கொடுத்ததாகிவிடும். அதனால் வழக்கமாகச் செய்தி சொல்லப் போவதுபோலப் போக முடிவு செய்தேன். முதலில் எங்கள் ஊரில் ஆறாவது செய்திக்குரிய அக்கா வீடு. அங்கிருந்து செட்டிபாளையம். சவூதிக்காரரின் மனைவிக்கு வாசலில் நின்றபடியே சொன்னேன். பிள்ளைகளோடு தங்கை வீட்டுக்குப் போகச் சொன்னாரு. அவ உடனேயே அழத் தொடங்கினா. செட்டிபாளையம் சந்தி கழிந்து போகும்போது பின்னால் ஒரு மோட்டார்சைக்கிள் வந்து, என்னை மெதுவாகக் கடந்து போனது. தலைக்கவசம் போட்டிருந்ததால் முகம் தெரியவில்லை. அது அவர்கள்தானா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

மாங்காட்டில் நான்காவது செய்தி. அந்தத் தாய் என்னைக் கண்டதும் தேத்தண்ணி போட்டுக்கொண்டு வந்து வைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்தா.

"என்ன சொன்னான் மகன்?"

வாயைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை. 'அம்மா நான் நல்லா இரிக்கன்' என்ற முதல் வசனம் ஞாபகம் இருந்தது. அதற்குப் பின்னால் கலியாணப் பேச்சு ஒன்று. சம்மதம் என்றானா, வேண்டாம் என்றானா? ஐந்தாவது குரல் அதற்கு மேலே ஏறி உட்கார்ந்துவிட்டது.

"நல்லா இரிக்காராம். மறுகா எடுக்கிறாராம்."

"கலியாணம் பேசின புள்ளையப் பத்தி ஒண்டும் சொல்லல்லியா?"

"மெசினில இரைச்சல் மாமி. விளங்கல்ல." அவவின் முகம் வாடியது. தேத்தண்ணியைக் குடித்து முடித்துவிட்டு எழும்பினேன். அடுத்த கிழமை அவன் திரும்ப எடுத்துச் சம்மதம் என்று சொன்னான். அன்றைக்கு அதை மறந்தது பல நாள் மனதில் உறுத்திக்கொண்டிருந்தது.

தேற்றாத்தீவில் தையல் ரீச்சர் வீட்டைக் கண்டுபிடிக்க இரண்டு பேரிடம் கேட்க வேண்டியிருந்தது. கேட்டதே பிழையோ என்று அதற்கும் பயம். படலையைத் திறந்தபோது உள்ளே ஓடிக்கொண்டிருந்த தையல் மெசின் சத்தம் நின்றது. முற்றத்தில் இரண்டு கோழிகள். கழுத்தில் அளவுநாடா போட்ட ஒரு பெண் வாசலுக்கு வந்தா.

"ஆரு?"

"சட்டை தைக்கக் குடுக்க வந்தன் ரீச்சர்."

"துணி எங்க?"

என் கை வெறுமையாக இருந்தது. இவ்வளவு தூரம் யோசித்து வந்தவளுக்கு ஒரு துணித்துண்டு கொண்டுவரத் தோன்றவில்லை. உண்மையைச் சொன்னேன். குருக்கள்மடத்தில் கொமினிக்கேசன் வைத்திருக்கிறேன், ஒரு பிள்ளை மெசினில் சொன்ன செய்தி கிடைத்தது என்றேன்.

"இஞ்ச ஒரு புள்ளையும் இல்ல. நீங்க வீடு மாறி வந்திட்டீங்க." கதவுநிலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றா. அவவைக் குறை சொல்ல முடியாது. காலையில் என் கடைக்கு வந்தவர்களும் மரியாதையாகத்தானே பேசினார்கள்.

"ரீச்சர், அவங்க காலையில என்ட கடைக்கு வந்திட்டாங்க. மெசினக் கொண்டு போயிட்டாங்க. கசற் அவங்கட கையில போகல்ல. ஆனா தேடுறாங்க."

"எனக்கு ஒண்டும் தெரியா. போங்க தங்கச்சி, போங்க."

திரும்பி நடக்கத் தொடங்கினேன். அப்போது உள்ளே திரைக்குப் பின்னால் இருந்து ஒரு குரல் வந்தது. வாயைப் பொத்தாமல் பேசினாலும் அது அதே குரல்தான்.

"மெசினில சொல்லுறதச் சொல்லச் சொல்லுங்க."

ரீச்சர் என்னைப் பார்த்தா. நான் முற்றத்து வெயிலில் நின்றபடி சொன்னேன். வணக்கம். நான் இப்ப கடையில இல்ல. பீப் சத்தம் கேட்டப்புறம், ஆருக்கு, ஆரு கதைக்கிறீங்க எண்டு சொல்லிட்டு, சொல்ல வேண்டியதச் சொல்லுங்க. கடைசி வசனத்தையும் சொன்னேன். அவசரப்பட வேணாம்.

திரை விலகியது. ரீச்சரின் பெரிய சட்டை ஒன்றைப் போட்டுக்கொண்டு, மெலிந்து கறுத்துப்போய், தாயின் அதே நெற்றியோடு நின்றாள். தலைமயிர் கழுத்துக்கு மேலே ஒட்ட வெட்டப்பட்டிருந்தது. அந்தத் தலையை வீதியில் யார் கண்டாலும் எங்கே இருந்து தப்பி வந்தவள் என்று விளங்கிவிடும்.

"அம்மா எங்க அக்கா?"

பாதை ஓடவில்லை, தோணி ஒன்று போயிருக்கிறது, நாளைக்கு விடியத்தான் வரும் என்று சொன்னேன். நேற்றுப் பின்னேரம்தான் மெசினில் பேசினதாக அவள் சொன்னாள். அப்படியென்றால் இன்றைக்கு நான்கு மணிக்கு வாகனம்.

"ஒரு நாள் பொறுக்க ஏலாதா ரீச்சர்?"

ரீச்சர் தலையை ஆட்டினா. "கூட்டிப் போறவரு இண்டைக்கு மட்டும்தான் இந்தப் பக்கம். நாளைக்கு நானே இந்த வீட்டில இரிக்கனோ தெரியா."

அந்தப் பிள்ளை நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அழவில்லை. பிறகு அவசர அவசரமாகச் சொல்லத் தொடங்கினாள். "அம்மாட்டச் சொல்லுங்க, எனக்குக் காயம் ஒண்டும் இல்ல. காச்சல் வந்தது, இப்ப சுகம். தங்கச்சிய ரியூசனுக்கு அனுப்ப வேணாம். கறுத்தப் பசு கண்டு போட்டுதா எண்டு கேளுங்க. கொழும்புக்குப் போய் எடுக்கிறன் எண்டு சொல்லுங்க. அழ வேணாமெண்டு சொல்லுங்க." ஒவ்வொன்றுக்கும் நான் ஓம், ஓம் என்றேன். காலையில் மாங்காட்டுச் செய்தியை மறந்தவள் இதில் ஒரு சொல்லையும் விடக் கூடாது என்று திரும்பும் வழியெல்லாம் வாய்க்குள் சொல்லிக்கொண்டே சைக்கிள் மிதித்தேன்.

அடுத்த நாள் விடிய மாமாவின் தோணி வந்தது. அந்த அக்கா இறால்கூடையை மடியில் வைத்துக்கொண்டு, மீன்காரியைப்போல முன்னால் உட்கார்ந்திருந்தா. இறங்கிய உடனே என் முகத்தைப் பார்த்தா. நான் எதுவும் சொல்வதற்கு முன்பே விளங்கிவிட்டது.

"போயிட்டாளா?"

"நேத்துப் பின்னேரம் அக்கா. பத்திரமாப் போயிட்டா."

கரையில் தாழை மறைவில் இருத்தி, மகள் சொன்ன எல்லாவற்றையும் அவள் சொன்ன ஒழுங்கிலேயே சொன்னேன். கேட்டு முடித்துவிட்டுத் திரும்பவும் சொல்லச் சொன்னா. மூன்று தரம் சொன்னேன். பிறகு கேள்விகள். குரல் அடைச்சிருந்ததா? என்ன உடுத்திருந்தாள்? தலை பின்னியிருந்தாளா?

"வெட்டிட்டாங்க அக்கா."

"வளரும்" என்றா. பிறகு, "கறுத்தப் பசு கண்டு போட்டுட்டு. நாகு கண்டு. அவளிட்ட ஆரு சொல்லுற?" என்று என்னைக் கேட்டா. அப்போதுதான் அழத் தொடங்கினா. மகள் அழ வேண்டாம் என்று சொன்னதை நான் நான்காவது தரம் சொல்லவில்லை.

அந்த இரண்டு பேரும் திரும்பி வரவில்லை. வருவார்கள் என்ற பயத்தில் ஒரு மாதம் கடையைப் பாதி நாள் பூட்டியே வைத்திருந்தேன். வீதியில் மோட்டார்சைக்கிள் சத்தம் கேட்டால் என் கண் தானாகவே டப்பாவுக்குப் போகும். பெட்டியும் கிடைக்கவில்லை. அண்ணனிடம் தொலைபேசியில் அதைச் சொல்ல முடியாமல், பழுதாகிவிட்டது என்றேன். அடுத்த லீவில் இன்னொரு பெட்டி கொண்டு வந்தான். அன்றைக்கு எல்லாவற்றையும் சொல்லி, திருநீற்றுக்குள் இருந்த கசற்றை எடுத்துக் கொடுத்தேன். ஊதி, துடைத்து, போட்டுப் பார்த்தான். சாம்பல் உள்ளே போய் நாடாவைத் தின்றிருந்தது. யாரோ மணலைச் சப்புவதுபோல ஒரு சத்தம் மட்டும் வந்தது. தாய் அதையும் வந்து கேட்டா. "இதுக்குள்ளதான் இரிக்காளா?" என்றா.

அந்தப் பிள்ளையிடம் இருந்து முதல் அழைப்பு அவள் போய் மூன்று மாதம் கழித்து, குவைத்தில் இருந்து வந்தது. வீட்டு வேலைக்குப் போயிருந்தாள். நான் கடையில் இருந்தேன், நானே எடுத்தேன். அடுத்த புதன்கிழமை பத்து மணிக்கு எடுக்கும்படி சொல்லி, அன்றைக்குப் பாதை நிற்கக் கூடாது என்று காலையில் இருந்தே துறையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பாதை ஓடியது. கண்ணாடி அறைக்குள் அந்த அக்கா ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கதைப்பதை வெளியே இருந்து பார்த்தேன். வெளியே வந்து, "சோறு நல்லாக் கிடைக்குதாம்" என்று மட்டும் சொன்னா.

பிறகு காலம் மாறியது. அண்ணன் கட்டாரை விட்டு வந்து கடையில் இரண்டு கம்பியூட்டர் வைத்தான். இன்டர்நெட்டில் கதைக்கலாம், கமராவில் முகம் பார்க்கலாம். முதல் முறை மகளின் முகம் திரையில் வந்தபோது அந்த அக்கா பேசவே இல்லை. வாயசைவு ஒரு பக்கம், குரல் ஒரு பக்கமாக வந்தது. இடையில் படம் அசையாமல் நின்றுவிட்டது. அவ எழும்பிப் போய்த் திரைக்குப் பின்னால் எட்டிப் பார்த்தா. அண்ணன் சிரித்துவிட்டு, பிறகு வெட்கப்பட்டு வெளியே போய்விட்டான்.

சண்டை முடிந்து சில வருடங்களில் அவளே ஊருக்கு வந்தாள். ஒரு ஆண் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு கடைக்கு வந்தாள். தேற்றாத்தீவு முற்றத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் அவளை நேரே பார்க்கிறேன். தேத்தண்ணி வாங்கிக் கொடுத்தேன். பல வருடமாக மனதில் கிடந்ததைக் கேட்டேன். அந்த ஞாயிறு காலை இரண்டாம் தரம் எடுத்து, பேசாமல் வைத்தது நீதானா என்று.

தேத்தண்ணிக் கோப்பையை மேசையில் வைத்தாள். "தெரியல்ல அக்கா. ரீச்சர் வீட்டுப் போனத் தூக்கித் தூக்கி வச்சது ஞாபகம் இரிக்கு. எடுத்தனோ இல்லியோ தெரியல்ல."

குழந்தை போட்டோக்கொப்பி மெசினின் மூடியைத் தட்டிக்கொண்டிருந்தது. அதன் கையைப் பிடித்து விலக்கினாள். பாதை புறப்படப்போகிறது என்று சொல்லி எழும்பினாள். நான் கடையை அண்ணனிடம் விட்டுவிட்டு, அவளுடைய பையைத் தூக்கிக்கொண்டு துறை வரைக்கும் அவளோடு நடந்தேன்.